பதினான்கும் முப்பத்தொன்றும்

முகாமில் எல்லாரும் அவளைக் கார்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. பத்தொன்பது வயதில் தட்டச்சுத் தேர்வு முடித்த கையோடு ராணுவ முகாமில் சிவிலியன் வேலை கிடைத்தபோது வீட்டில் தலைகால் புரியவில்லை. அதற்கப்புறம் இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. ஏழு தளபதிகள் வந்து போனார்கள். வந்த புதிதில் ஒவ்வொருவரும் சுவருக்கு வெள்ளையடித்து, அவள் மேசையை ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னார்கள். ஒரு மாதம் பொறுத்து, அவர்கள் மறந்த பிறகு, அவள் மேசையைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டுக்கொள்வாள்.

அந்த அறைக்குப் பதிவறை என்று பெயர். ஜன்னல் என்று சொன்னேனே, அதற்குப் பாதிவரை தகரம் அடித்திருக்கும். இரண்டு இரும்பு பீரோ, ஒரு தட்டச்சு யந்திரம், சுவரில் ஓர் ஆணி, ஆணியில் அவள் கைப்பை. கார்பன் தாளை எண்ணி வாங்கி எண்ணித் திருப்பித் தர வேண்டும். நாடா தேய்ந்தால் அதைக்கூடக் குப்பையில் போட முடியாது, கையெழுத்துப் போட்டு ஒப்படைத்தால் பின்கட்டில் எரிப்பார்கள். யாராவது வெளியே கேட்டால் "ஆபீஸ்ல டைப் அடிக்கிறேன்" என்பாள். அதில் பொய் ஒன்றுமில்லை.

அடித்தது என்னவென்றால், ஊரில் நடப்பதை முகாமுக்குச் சொல்கிறவர்களின் பேச்சு. சொல்கிறவர் பால்காரராக இருக்கலாம், பிணவறைக் காவலாளியாக இருக்கலாம், மாமியார் மேல் கோபம் கொண்ட மருமகனாகவும் இருக்கலாம். அவர்களிடம் விஷயத்தைக் கறப்பதற்கு இரண்டு அதிகாரிகள். ஒருவர் நெட்டையர், நிலைப்படியில் தலை இடிக்காமல் ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. இன்னொருவர் கண்ணாடிக்காரர். நெட்டையரின் ஆள் யாரென்று கண்ணாடிக்காரருக்குத் தெரியக்கூடாது, கண்ணாடிக்காரரின் ஆள் யாரென்று நெட்டையருக்குத் தெரியக்கூடாது. ஒருவர் வாயில் ஓட்டை விழுந்தாலும் மற்றவர் ஆட்கள் பிழைத்துக்கொள்ளட்டும் என்ற ஏற்பாடு. அதனால் ஆளுக்கு ஓர் எண். பெயர் எழுதிய தாள் உறைக்குள்ளும், உறை தளபதியின் பெட்டிக்குள்ளும் போய்விடும். எண் போட்ட அட்டை கார்டக்காவிடம் வரும், அந்தக் கார்டுகளால் வந்த பெயர்தான் அது. அட்டைக்குப் பின்பக்கம் இடது கட்டைவிரல் ரேகை.

ரேகை எதற்கென்றால், ஒரே ஆசாமி இரண்டு அதிகாரிகளிடமும் போய் இரண்டு எண் வாங்கிக்கொண்டு வந்துவிடக் கூடாது. புது அட்டை வந்தால், இருக்கிற அத்தனை அட்டைகளின் ரேகையோடும் பூதக்கண்ணாடி வைத்து ஒப்பிட்டுப் பார்த்து, "ஒப்பிடப்பட்டது" என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். இரண்டு பீரோவையும் திறக்கலாம் என்று எழுத்து மூலம் அனுமதி பெற்றவள் முகாமில் அவள் ஒருத்திதான். நூற்றுப் பன்னிரண்டு அட்டை. உட்கார்ந்தால் முழுதாக நாலு மணி நேரம், அப்புறம் கண்ணில் நீர் வழியும்.

இந்த ஒப்பிடுதல் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், முகாமின் சட்டம் அப்படி. ஒருவன் சொன்னால் கண்காணிப்பு. ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் ஒரே சேதியைச் சொன்னால் கைது. கைதானவர் வெள்ளிக்கிழமை வண்டியில் மேல்முகாமுக்குப் போவார். மேல்முகாமிலிருந்து திரும்பி வந்த ஒருவரையும் கார்டக்கா அந்த இருபத்திரண்டு வருடத்தில் பார்த்ததில்லை. போனவர்களின் கோப்பை மூடிக் கட்டுவதும் அவள் வேலைதான் என்பதால் இது அவளுக்கு நன்றாகத் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் அதைப் பற்றி நினைக்கக் கூடாது என்று ஒரு பழக்கம் வைத்திருந்தாள், பழக்கம் அநேகமாக வேலை செய்தது.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் மகளுக்குக் காய்ச்சல். நூற்று மூன்று டிகிரி என்று பள்ளிக்கூடத்திலிருந்து தகவல். அந்த நேரம் பார்த்துக் கண்ணாடிக்காரர் ஒரு புது அட்டையோடு வந்து நின்றார். "அக்கா, இது இப்பவே வேணும். தளபதி கேட்டுக்கிட்டு இருக்கார். கொஞ்சம் தள்ளிவிடுங்க." எண் முப்பத்தொன்று. பழைய ஆள் ஒருவன் செத்துக் காலியான எண் அது. அவள் பூதக்கண்ணாடியை எடுத்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், பூதக்கண்ணாடியை வைத்தாள். டிக் போட்டுவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். மறுநாள் வந்து ஒப்பிட்டுவிடலாம் என்றுதான் நினைத்தாள். மறுநாளும் காய்ச்சல் இறங்கவில்லை. அதற்கு மறுநாள் அது மறந்தே போனது.

நிற்க. கடிகாரக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் வீட்டுக்கும் முகாமுக்கும் நடுவில், மருந்துக்கடைக்கு அடுத்து, ஒரு கதவு அகலத்துக்கு ஒரு கடை. கடிகாரம் ரிப்பேர், ரேடியோ ரிப்பேர். ஒரு கண்ணில் கண்ணாடிக் குழாயை மாட்டிக்கொண்டு குனிந்தே இருப்பார், வந்தது யாரென்று குரலை வைத்துத்தான் தெரிந்துகொள்வார். நாளைக்கு வாங்க என்பார், நாளைக்குப் போனாலும் நாளைக்கு வாங்க என்பார். மற்றபடி குறை சொல்ல முடியாத மனுஷன். அவர் மனைவி பக்கத்துத் தெருக் குழாயடியில் கார்டக்காவுக்குப் பழக்கம்.

ஒரு திங்கட்கிழமை காலையில் அவரைக் கடையிலிருந்தே தூக்கிக்கொண்டு போனார்கள். கண்ணில் மாட்டிய குழாயைக் கழற்றக்கூட விடவில்லை என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார். எதிர்த்தரப்புக்கு ரேடியோவில் சேதி அனுப்புகிறார் என்பது குற்றச்சாட்டு. அந்தச் சேதியைச் சொன்ன இரண்டு அறிக்கைகளையும் போன வாரம் கார்டக்காதான் அடித்திருந்தாள். அறிக்கையில் "மருந்துக்கடை அருகில் உள்ள பழுதுபார்ப்பவர்" என்று இருந்தது. அடிக்கும்போது கை ஒரு நொடி நின்றது, பிறகு ஓடியது. இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள், என்ன செய்ய முடியும்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவர் மனைவி வீட்டு வாசலில் நின்றாள். கையில் ஒரு மாத்திரை அட்டை.

"அக்கா, அவருக்குப் பிரஷர் மாத்திரை. ரெண்டு நாளா போடல. நீங்க உள்ள வேலை பாக்கறீங்களே, குடுக்க முடியுமா?"

"நான் இருக்கறது ஆபீஸ் பக்கம்மா. அந்தப் பக்கம் எங்களை விட மாட்டாங்க."

"கேட்டுப் பாருங்களேன். தப்பா எடுத்துக்க மாட்டேன், முடியலேன்னா."

மாத்திரையை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அதைக் கொடுக்க முடியாது என்று வாங்கும்போதே தெரியும். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

புதன்கிழமையன்று, வெள்ளிக்கிழமை வண்டிக்கான கோப்பைத் தயாரிக்க வேண்டியிருந்தது. அறிக்கைகளுக்குப் பின்னால் இரண்டு அட்டைகளையும் நூலில் கோக்க வேண்டும். பதினான்கு நெட்டையரின் பீரோவிலிருந்து வந்தது, முப்பத்தொன்று கண்ணாடிக்காரரின் பீரோவிலிருந்து. துளையிடுவதற்காக இரண்டையும் கவிழ்த்து வைத்தாள். இரண்டு ரேகையும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. இரண்டிலும் சுழிக்கு நடுவே குறுக்காக ஒரு வெட்டு, வெட்டின் கீழ்முனையில் கொக்கி மாதிரி ஒரு வளைவு. கனமான மூடி ஏதோ நசுக்கிய தழும்பு. பூதக்கண்ணாடியே தேவைப்படவில்லை.

அட்டைகளைத் திருப்பி எண்களை மறுபடி பார்த்தாள். ரெண்டு பேர் இல்லை. ஒரே ஆள். ஒரே ஆள் இரண்டு இடத்தில் வாயைத் திறந்திருக்கிறான், முகாம் அதை இரண்டு வாய் என்று எடுத்துக்கொண்டு ஒரு மனிதனைத் தூக்கியிருக்கிறது. அதற்குக் கதவைத் திறந்துவிட்டது அவள் போட்ட டிக்.

இதைச் சொல்வதென்றால் சல்லடையிடம் சொல்ல வேண்டும். சல்லடை என்பது முகாமுக்குள்ளேயே இருக்கிற ஓட்டையைத் தேடும் அதிகாரிக்குச் சிப்பாய்கள் வைத்த பெயர். வருடத் தொடக்கத்தில் ஒரு லாரி வரிசை வழிமறிக்கப்பட்டு பதினேழு பேர் செத்த பிறகு அவர் வந்து சேர்ந்தார். லாரி போகும் நேரம் வெளியே எப்படிப் போனது என்பதுதான் அவர் கேள்வி. முதல் மாதம் ஒரு சமையல்காரரைக் கூப்பிட்டார், அடுத்த மாதம் ஒரு டிரைவரை. இருவரும் அவர் அறைக்குள் நடந்துதான் போனார்கள், வெளியே நடந்து வரவில்லை. ஒரே ஆளுக்கு இரண்டு எண் கொடுத்தவளை அந்தக் கண் கவனக்குறைவு என்று பார்க்குமா, எதிரியின் கைவேலை என்று பார்க்குமா? கார்டக்காவுக்குப் பதில் தெரியும். அவளே அந்த மாதிரி எத்தனையோ கோப்பை அடித்திருக்கிறாள்.

சாயங்காலம் கணவரிடம் சொன்னாள். அவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக், இருபது வருடமாக அவள் வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. விஷயத்தை விவரமாகச் சொல்ல முடியாது, அதற்கும் சட்டம் உண்டு. "நான் ஒரு தப்பு பண்ணிட்டேன், அதனால ஒருத்தர் மாட்டிக்கிட்டார்" என்று மட்டும் சொன்னாள்.

அவர் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "சொன்னா அவர் வெளிய வருவாரா?"

"வரலாம்."

"சொன்னா நீ உள்ள போவியா?"

"போகலாம்."

"புள்ளைக்குப் பரீட்சை வருது" என்றார். கொஞ்சம் கழித்து, "நான் சொல்றதைக் கேட்டு நீ என்னிக்கு நடந்திருக்க" என்றார். அது சம்மதமா மறுப்பா என்று அவருக்கே தெரிந்திருக்காது. அவளுக்கு அந்த மனுஷனை நினைத்து அழுகையாக வந்தது.

வியாழக்கிழமை பத்து மணிக்கு இரண்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு போய்ச் சல்லடையின் கதவைத் தட்டினாள். அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு தண்ணீர்ச் செம்பு. மேசையில் தாள் என்று ஒன்றுகூட இல்லை. அவர் சின்ன உருவம், மெல்லிய குரல். எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார். "பொண்ணுக்குக் காய்ச்சல் எல்லாம் இப்போ வர்றதில்லையே?" என்றார். அவருக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்பது அசட்டுத்தனம்.

ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். டிக், பூதக்கண்ணாடி, ஓடியது, மறந்தது, எல்லாம். அவள் முடித்ததும் அவர் இரண்டு ரேகையையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு ஆள் அனுப்பித் தளபதியின் பெட்டியிலிருந்து இரண்டு உறைகளையும், பதிவறையிலிருந்து அந்தக் கோப்பையும் வரவழைத்தார். ஒரு உறையில் ஆளின் முழுப்பெயர், இன்னொன்றில் வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயர். அதனால் தளபதிக்கும் சந்தேகம் வந்திருக்காது.

"ஒரே ஆள்தான். தண்ணி வண்டி ஓட்டறவன்" என்றார். "முகாம்ல தண்ணி பிடிக்க நெட்டையர் அனுமதி தரணும், பாலத்தைத் தாண்ட கண்ணாடிக்காரர் அனுமதி தரணும். ரெண்டு பேரும் என்ன கேட்டாலும் ஆமாம்பான். நல்ல வேளை வந்து சொன்னீங்கம்மா. வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல சார்." கணவரை அவள் சேர்க்கவில்லை.

அவர் பேனாவை எடுத்து முப்பத்தொன்றின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார். கார்டக்காவுக்கு முதல்நாளிலிருந்து அடைத்திருந்த மூச்சு அப்போதுதான் முழுதாக வெளியே வந்தது. இனி ஒருவன்தான் சாட்சி. ஒருவன் என்றால் கண்காணிப்பு மட்டும். கடிகாரக்காரர் வீட்டுக்குப் போகலாம். தன் தலைக்கு என்ன வந்தாலும் வரட்டும் என்றுகூட அந்த நிமிஷம் தோன்றியது, அவ்வளவு லேசாக இருந்தது.

அவர் கோப்பைக் கீழே வைக்காமல் புரட்டிக்கொண்டே இருந்தார். "தண்ணி வண்டிக்காரன் தானா ஒண்ணும் சொல்லல பாருங்க. நெட்டையர் கேட்டிருக்கார், இவன் ஆமான்னு சொல்லியிருக்கான், அதையே கண்ணாடிக்காரர்கிட்டயும் ஒப்பிச்சிருக்கான். நெட்டையருக்கு அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது?" கடைசித் தாளுக்குப் போனார். நெட்டையர் கையால் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. முகாமின் வழக்கப்படி, எண் இல்லாத ஆள் சொன்ன சேதியை அடிக்க வேண்டாம், அப்படியே ஒட்டினால் போதும். ஒட்டியது வேறு ஒரு குமாஸ்தா, அட்டைகளோடு நின்றுவிட்ட கார்டக்கா கடைசித் தாள்வரை போயிருக்கவில்லை.

மெதுவாக வாசித்தார். "மருந்துக்கடைக்கு அடுத்த பழுதுபார்க்கும் கடையில் ரேடியோவோடு வருகிற ஆட்களின் கூட்டம் வழக்கத்துக்கு மேல் இருக்கிறது. நிற்க இடமில்லை. தினமும் அந்த வழியில் போகும் முகாம் பெண் ஊழியர் பேச்சுவாக்கில் சொன்னது. ஆள் மிகவும் நம்பகமானவர்."

கார்டக்காவுக்கு அந்த நாள் நினைவு வந்தது. இரண்டு மாதம் இருக்கும். நெட்டையர் வழக்கம்போலத் தலையை இடித்துக்கொண்டு உள்ளே வந்தார், கையில் அவளுக்கும் சேர்த்து டீ. என்னக்கா, கையில வாட்சைக் காணோமே என்றார். ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன் சார், அந்தாளு இன்னிக்கு நாளைக்குன்னு இழுக்கறார், போனா நிக்க இடமில்ல, ஒரே ரேடியோக்காரங்க கூட்டம் என்று இவள் அலுத்துக்கொண்டாள். அப்படியா, எந்தக் கடை, எப்பவும் அப்படித்தானா என்று அவர் கேட்டார். இவளும் சொன்னாள். அந்த நெட்டை மனுஷன் மற்றவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் போட்டு வாங்கியதை வருடக்கணக்காக அடித்தவள் அவள். தன்னிடம் நடந்தபோது டீ நன்றாக இருக்கிறது என்றுதான் நினைத்தாள்.

"சார், அது நான் சும்மா பேசினது" என்றாள்.

"கேட்டு வர்றதை விட சும்மா வர்றதுக்குத்தான் மதிப்பு ஜாஸ்தி. உங்களுக்குத் தெரியாததா?"

"கடிகாரம் வரலைங்கற எரிச்சல்ல சொன்னேன் சார்."

"பொய் சொன்னீங்களா?"

"இல்ல."

"கூட்டம் இருந்ததா இல்லையா?"

"இருந்தது சார். அவர் ரேடியோவும் ரிப்பேர் பண்ணுவார். ரேடியோ வச்சிருக்கறவங்க வரத்தானே செய்வாங்க."

"அது உங்க அபிப்பிராயம். அபிப்பிராயத்தை நாம எழுதறதில்ல." அவர் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினார். "ரெண்டு பேர் வேணும்னு சட்டம். முப்பத்தொன்னு போயிடுச்சு. பதினாலு இருக்கான், நீங்க இருக்கீங்க. நீங்க யாருன்னு அவனுக்குத் தெரியாது, அவன் யாருன்னு இன்னிக்கு வரைக்கும் உங்களுக்குத் தெரியாது. இதைவிட சுத்தமா ரெண்டு பேர் கிடைக்க மாட்டாங்க."

அவள் என்னென்னவோ சொன்னாள். பிரஷர் மாத்திரையைப் பற்றிக்கூடச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், ஒரு தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தார். துண்டுச் சீட்டில் இருந்ததையே அவள் கையெழுத்தோடு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

"அந்த டிக் விஷயத்தை நான் பாத்துக்கறேன்மா. அது இந்த ரூமைத் தாண்டாது. பொண்ணு பரீட்சை நல்லா எழுதட்டும்."

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் அவளுக்கு வந்த முதல் உணர்ச்சி நிம்மதி. அப்புறம்தான் தன்மேல் அருவருப்பு வந்தது. ஆனால் முதலில் வந்தது நிம்மதிதான், அதை நான் மழுப்ப விரும்பவில்லை, அவளும் பிற்பாடு ஒருநாளும் மழுப்பவில்லை. கையெழுத்துப் போட்டாள். அதில் எழுதியிருந்த ஒவ்வொரு வரியும் உண்மை.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு முகாம் வாசலில் கடிகாரக்காரரின் மனைவி நின்றுகொண்டிருந்தாள். வண்டி போவது எப்படியோ தெரிந்திருக்கிறது. பச்சைத் தார்ப்பாய் மூடிய வண்டி வெளியே வந்து, திரும்பி, சாலையில் ஏறியது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வழியில்லை. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். வேலைக்கு வந்த கார்டக்கா அவளைத் தாண்டிப் போயிருக்கலாம். காவலாளி வேறு பார்த்துக்கொண்டிருந்தான். ஆனாலும் கார்டக்கா போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"மாத்திரை குடுத்தீங்களாக்கா?"

"இல்லம்மா. முடியல."

"பரவாயில்ல. யாரோ ரெண்டு பேர் சொன்னாங்களாம், அதான் பிடிச்சாங்களாம். நாங்க யாருக்கு என்ன கெடுதல் பண்ணினோம்னு தெரியல."

"ஒருத்தி நான்தான்" என்றாள் கார்டக்கா.

மற்றவள் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கோபம் இன்னும் வந்து சேரவில்லை, புரிந்துகொள்ளப் பார்க்கிற முகமாகத்தான் இருந்தது. "என்ன சொன்னீங்க?"

"கடைக்குப் போனா நிக்க இடமில்ல, ரேடியோக்காரங்க கூட்டமா இருக்குன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"இல்ல."

அவள் யோசித்தாள். "கூட்டமாத்தான் இருக்கும்" என்றாள். "நானே சொல்லுவேன், ஒத்தையாளா இவ்வளவு வேலையை இழுத்துப் போட்டுக்காதீங்கன்னு." அவள் தன்னைத் திட்டுவாள் என்று கார்டக்கா காத்திருந்தாள், ஒரு அறை அறைந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பாள். அவளோ சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, வண்டி போன பக்கத்தையே பார்த்தபடி, "வண்டி எப்பக்கா திரும்பி வரும்?" என்று கேட்டாள்.

வண்டி மத்தியானம் மூன்று மணிக்கே காலியாகத் திரும்பிவிடும். கார்டக்கா நேரத்தை மட்டும் சொன்னாள். அப்போ நான் இங்கேயே இருக்கேன் என்று சொல்லிவிட்டு அவள் மதில் ஓரத்து நிழலில் போய் உட்கார்ந்தாள்.